வெள்ளைப் பூவுக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் பதில்

பூதலூர்
15-2-1979

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் அமிர்தலிங்கம் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன், கணக்கு வாத்தியார் உலகநாதன் வணங்கி எழுதுவது. இங்கே கொசு உட்பட அனைவரும் சௌக்கியம். கும்பகோணத்தில் தாங்களும் அக்காவும் மாப்பிள்ளை செல்லதுரையும் (மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை) சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கார்டு கிடைத்தது. செல்லதுரைக்கு எங்கள் பெண் அம்சத்தை எடுக்கலாமா என்று சுவாமிமலையில் பூக்கட்டிப் பார்த்ததாகவும், சிவப்பு வந்தால் சரி, வெள்ளை வந்தால் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டதாகவும், வெள்ளையே வந்துவிட்டதாகவும், ஆகவே மன்னிக்கவும் என்றும் எழுதியிருந்தீர்கள். கார்டு என்பதால் தபால்காரர் படித்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார். அம்சம் அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். நான் இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தேன் அத்தான்.

தங்களோடு வாதாடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் என் போதாத காலம், அதே வாரம் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் வந்து நின்றது. நடக்கவே நடக்காததற்குச் சைபர், நிச்சயம் நடப்பதற்கு ஒன்று, மற்றதெல்லாம் நடுவில் என்று சொல்லி, காலையில் சூரியன் உதிப்பது ஒன்று, மேட்டூரில் ஜூன் பன்னிரண்டாம் தேதி தண்ணீர் திறப்பது அரை என்றேன். விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. புத்தகம் காசு சுண்டச் சொல்கிறது. சுண்டிய காசு பெஞ்சுக்கடியில் உருண்டு போய் யார் பையிலோ அடங்கிவிட்டது. சரி, நமக்குத் தெரிந்ததைச் செய்வோமென்று வாழை இலையில் சிவப்புக்கு ஒரு செவ்வரளி, வெள்ளைக்கு ஒரு நந்தியாவட்டை என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொருத்தராக வந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். ஊரில் அறுவடைக் கூலித் தகராறு, மிராசு வீட்டுப் பிள்ளைகள் முன் பெஞ்சு, ஆள்காரர் வீட்டுப் பிள்ளைகள் பின் பெஞ்சு, பேச்சுவார்த்தை கிடையாது. முன் பெஞ்சுக்கு வரிசையாக நாலு சிவப்பு வந்ததும், "அமுக்கிப் பாத்து எடுக்குறாங்க சார்" என்று பின்னாலிருந்து புகார். நாற்பது பேர் எடுத்து முடித்ததில் வெள்ளை இருபத்துமூன்று, சிவப்பு பதினேழு. பாதிக்குப் பாதி நெருங்கவேண்டும், நூறு வரைக்கும் போவோம் என்று நான் பிடிவாதம் பிடிக்க, பொட்டலம் கசங்கக் கசங்கப் புதுப் பூ பறித்து, பிள்ளையார் கோயில் நந்தவனமே மொட்டையாகிவிட்டது.

அப்போது வேம்பு என்கிற பெண் எழுந்து, "சார், எத்தன தடவ எடுத்தாலும் பாதிக்குப் பாதிதானே. உங்க அத்தான் ஒரே ஒரு தடவ எடுத்துட்டு அம்சம் அக்காவ வேணாம்னுட்டாங்களாமே, அது என்னா சார் கணக்கு?" என்றாள். எல்லாம் தபால்காரர் உபயம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வகுப்பை விட்டது அன்றைக்குத்தான்.

அதோடு போச்சா? கோயில் தர்மகர்த்தா, மிராசு இராஜாங்கம், சாமியைக் கேலி பண்ணியதாக எழுதிக் கொடுத்தார். கறுப்புச் சட்டைக்கார ஹெட்மாஸ்டர், மூடநம்பிக்கை வளர்த்தது ஏன் என்று மெமோ கொடுத்தார். இரண்டுக்கும் ஒரே பதில் எழுத முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்த சாயந்திரம், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கண்ணுசாமி துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார். பின்னாடியே அதே இராஜாங்கம். அறுவடை தொடங்கியதிலிருந்து முகத்தில் முழிக்காத இரண்டு பேரும் என் வீட்டில் ஒரே பெஞ்சில், கையில் காப்பி. "எனக்குச் சாமி நம்பிக்க கிடையாதுங்க சார். ஆனா சுவாமிமலைல எடுத்தது தப்பாப் போவாதுங்க, அதான் கவலயா இருக்கு" என்றார் கண்ணுசாமி. "அவரு சொல்றது சரிதாங்க" என்றார் இராஜாங்கம். மூன்று வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் என் பெண்ணின் கஷ்டகாலம்தான்.

அத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்கிறேன், முருகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பொட்டலத்தை ஒரு தடவை எடுத்தால் அது வெறும் அரைதான். பூவைக் கேட்டோம், பிள்ளைகளைக் கேட்டோமா? படித்தவர்கள் நாம், இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.

அக்காவுக்கு என் வணக்கம். செல்லதுரைக்கு எங்கள் ஆசீர்வாதம், எந்த முறையில் வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளட்டும்.

தங்கள்,
உலகநாதன்

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடலாமா என்று பிள்ளையாரைக் கேட்காமல் போடக்கூடாதென்று என் சம்சாரம் நீலாம்பாள் சொல்லிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. முதல் தடவை வெள்ளை. ஒரு தடவை போதாது என்றேன். இரண்டாம் தடவையும் வெள்ளை. "இந்தத் தடவ நான் கட்டுறேம்ப்பா" என்றாள் அம்சம். சிவப்பு வந்தது. சந்தோஷத்தில் மிச்சப் பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் சிவப்புதான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிச்சயம் நடப்பதற்கு ஒன்று என்று வகுப்பில் சொன்னேனே, அதற்குச் சூரியனை விட நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது. பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, கார்டில் எழுதினால் தபால்காரர் சொல்லிவிடுவார், அதனால் கவரில் ஒட்டித் தங்களுக்கு அனுப்புகிறேன்.