எட்டாம் நம்பர் தறியும் நானும்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் தணிகாசலம் அவர்களுக்கு,

கருவடிக்குப்பத்திலிருந்து உங்கள் தங்கை சுலோசனாவின் வீட்டுக்காரன் விஜயராகவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிரான்சில் குளிர் அதிகம் என்றாள் சுலோசனா, காதை மூடிக்கொள்ளவும். கடிதத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் 'மில் சங்கு' பாட்டு நாடகத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். கண் கலங்கியது என்று நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். அந்த மாதிரி அழுகை.

இருபத்திரண்டு வருடமாக அந்த நாடகத்தை நான் கிண்டல் செய்தது சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். மூக்குச் சிந்தவும் ஒரு பாட்டா என்று உங்கள் மகள் கல்யாணப் பந்தியில் கேட்டது நான்தான். முதல் மேடையேற்றத்தில் செய்த காரியத்தையும் மறுக்கவில்லை. மூன்றாம் பாட்டிலேயே கொட்டாவி வந்ததால், கடைசிக் காட்சியில் ஒலிக்க வேண்டிய, கைப்பிடி வைத்த மில் சங்கைத் திரைக்குப் பின்னால் போய்ச் சும்மா விளையாட்டுக்குச் சுற்றிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் முழுக்க வேலை விட்டு நேரே வந்த மில் தொழிலாளிகள் என்பது எனக்கு உறைக்கவில்லை. சங்கு கேட்டதும், ஷிப்ட் முடிந்த பழக்கத்தில் எல்லோரும் எழுந்து, டிபன் கேரியரை எடுத்து, சைக்கிள் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருபத்தெட்டுப் பாட்டையும் நீங்கள் நாற்காலிகளுக்குப் பாடினீர்கள். முடித்ததும், "மாப்ள, இனிமே என் மேடைல உன் நிழல் வுழக் கூடாது" என்றீர்கள். நியாயமான பேச்சு.

போன ஞாயிறும் நான் நாடகம் பார்க்கப் போகவில்லை. சுலோசனா வீட்டுச் சாவியோடு போய்விட்டாள், அதை வாங்கப் போனேன். வரிசைக்குள் குனிந்து குனிந்து நுழைவதற்குள், மேடையில் ஒரு தொழிலாளி, மில்லை மூடுகிற அன்று தன் தறியைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தான்: "எட்டாம் நம்பர் தறியே, நாளைக்கு நீ யாரோட சண்ட போடுவே?" அவ்வளவுதான். சாவியாவது வீடாவது, குனிந்தபடியே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர், "உக்காருங்க சார், நாங்களும் பாத்து அழுவணுமில்ல" என்றார்.

அன்றிலிருந்து பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னாலும் அந்தப் பாட்டுதான் வருகிறது. வீராம்பட்டினத்தில் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் என்னையறியாமல் முனகிவிட்டேன்; இரண்டு பெரியவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இறந்தவருக்கு நான் என்ன முறை என்று கேட்டார்கள். குளிக்கும்போது பாடினேன், உங்கள் தங்கை கதவைத் தட்டினாள்.

"எங்க அண்ணன் மானத்த வெளிய வாங்கனது பத்தாதுன்னு உள்ளயும் ஆரம்பிச்சாச்சா?"

"நெசமாத்தான் பாடறேன் சுலோ."

"அப்படின்னா வாங்க, டாக்டர்கிட்ட போலாம்."

விஷயத்துக்கு வருகிறேன். தறிக்காரராக நடிக்கும் ஜானகிராமன் அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் போகிறார். அந்த வேஷம் எனக்கு வேண்டும் மச்சான். ஐம்பத்தாறு வயதில் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. ஆர்மோனியம் வாசிக்கும் பிரேம்குமாரைக் கேட்டால், "எழுதினவரு சம்மதிக்கணும் சார். ஒங்கள வுடக் கூடாதுன்னு மேக்கப் ரூம்லயே ஒட்டி வச்சிருக்காரே" என்கிறார். போய்ப் பார்த்தேன். பட்டியல் என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு பெயர். குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன், எழுத்தில் வேண்டாம் என்றால் குரலிலேயே அனுப்புகிறேன். உங்களைப் போலப் பாட்டெழுத ஆளில்லை. ஒரு வரி சம்மதம் போதும். சம்மதம் இல்லையென்றால் பதில் போட வேண்டாம், தபாலில் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டு நடித்துவிடுகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குறையட்டும்.

பணிவுள்ள மாப்பிள்ளை,
விஜயராகவன்

பி.கு. (உறையை ஒட்டிவிட்டதால் பின்பக்கத்தில் எழுதுகிறேன்): இப்போதுதான் பிரேம்குமார் தலையைச் சொறிந்துகொண்டு வந்து போனார். தறிப் பாட்டு அவர் எழுதியதாம். மில்லை மூடிய வருடமே உங்கள் முப்பத்தொரு பாட்டையும் எடுத்துவிட்டு வேறு போட்டுவிட்டார்களாம்; உங்களிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆகையால் எழுதினவர் சம்மதம் கிடைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமை ஒத்திகை. சுலோசனாவுக்கு இதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம்.