பிரெஞ்சு ராணியும் எங்கட கலியாணப் பேச்சும்

நேற்று எனக்கு ஒரு சின்ன வேலை. ரெண்டு பொம்பிளையளை ஒரு படத்துக்குக் கூட்டிக்கொண்டு போறது. பிறகு பத்திரமா வீட்டுக்கு அனுப்புறது. அவ்வளவுதான்.

விசயம் என்னெண்டால், என்ர தங்கச்சியின்ர மகள் துளசிக்கும் அன்ரன் எண்ட பெடியனுக்கும் விருப்பம். நல்ல பெடியன், நல்ல வேலை. ஒரேயொரு சிக்கல். நாங்கள் சைவம், அவை கத்தோலிக்கர். பிள்ளையளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. அம்மாமாருக்குத்தான்.

மகளைச் சேர்ச்சுக்குள்ள இழுத்துப் போடுவினமோ எண்டு தங்கச்சிக்குப் பயம். மகன் மொட்டை அடிச்சுக் காவடி எடுத்திடுவானோ எண்டு அன்ரனின்ர அம்மா றீற்றா அக்காவுக்குப் பயம். ரெண்டு பேரும் நேரில சந்திச்சதே இல்லை. இந்த முதல் சந்திப்புச் சரிவராட்டில் கலியாணப் பேச்சு அதோட சரி.

எங்க சந்திக்கிறது? கோயில் எண்டால் அவ வரமாட்டா. சேர்ச் எண்டால் இவ வரமாட்டா. வீடு எண்டால் ஆற்ற வீட்டுக்கு ஆர் முதல்ல போறது எண்டு ஒரு வழக்கு. சாப்பாட்டுக் கடை எண்டால், தங்கச்சி மரக்கறி. முன்னால இருந்து ஒருத்தர் நண்டு உடைச்சால் கதை முடிஞ்சுது.

அப்பதான் என்ர மூளை வேலை செய்தது. படம்! இருட்டு. ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை. பக்கத்தில இருந்து பழகின மாதிரியும் இருக்கும், வாய் திறந்து கொழுவிச் சண்டை பிடிச்ச மாதிரியும் இராது.

தமிழ்ப் படம் வேண்டாம் எண்டு முடிவெடுத்தன். அதுக்குள்ள ஒரு மாமியார் வந்து மருமகளைக் கொடுமைப்படுத்தினால் என்ன செய்யிறது? நான் ஆர்! முன்யோசனைக்காரன்!

லண்டன் நகரத்துக்குள்ள ஒரு சின்னத் தியேட்டரில பிரெஞ்சுப் படம் ஒண்டு ஓடிச்சுது. போஸ்டரில தங்கச் சட்டை போட்ட மணப்பெண், பக்கத்தில வடிவான ஒரு ராசகுமாரன். கீழ எழுதியிருந்தது, ரெண்டு சமயத்தை ஒண்டாக்கிய அரச கலியாணமாம். எங்களுக்கெண்டே எடுத்த படம்! அதுக்குக் கீழ இன்னும் நாலு வரி இருந்தது. அதை நான் வாசிக்கேல்லை.

தங்கச்சியைக் கோலியர்ஸ் வுட்டில இருந்து நான் கூட்டிக்கொண்டு வந்தன். றீற்றா அக்கா மனோர் பார்க்கில இருந்து தனிய வந்தா. ரெண்டு பேரும் கும்பிட்டினம். பிறகு ரெண்டு பேரும் சுவரைப் பார்த்தினம். நான் நடுவில இருந்தன்.

லைற் நூந்து இருட்டாச்சுது. தங்கச்சி ஹாண்ட்பாக்கைக் கிண்டினா.

"அண்ணை, கண்ணாடியை வீட்டில விட்டிட்டன். கீழ ஓடுற எழுத்து ஒண்டும் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

மற்றப் பக்கத்தில இருந்து றீற்றா அக்கா. "எனக்கும் இங்கிலிஷ் உவ்வளவு கெதியா வாசிக்க ஏலாது தம்பி. அவவுக்குச் சொல்லேக்கை நானும் கேக்கிறன்."

எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. ரெண்டு சம்மந்திக்கும் நான்தான் பாலம்!

முதல் பத்து நிமிசம் நல்லாத்தான் போச்சுது. ராசகுமாரன் கத்தோலிக்கன், பொம்பிளை புரட்டஸ்தாந்துக்காரி. ஒரே வாத்தியமும் பூவும். அப்ப மாப்பிள்ளையின்ர தாய், ராணியம்மா, ஒரு அறைக்குள்ள ஆக்களைக் கூப்பிட்டா. கழுத்தில உள்ளங்கை அளவு சிலுவை. ஏதோ சொன்னா. கீழ எழுத்து ஓடிச்சுது.

பொம்பிளை வீட்டார் ஒருத்தரும் உயிரோட திரும்பக்கூடாதாம்.

எனக்கு வாய்க்குள்ள இருந்த பொப்கோர்ன் இறங்கேல்லை.

"என்னவாம் அண்ணை?"

நான் என்னத்தைச் சொல்ல? கத்தோலிக்கத் தாய் ஒருத்தி பொம்பிளை வீட்டாரைக் கொல்லப் போறா எண்டோ? எனக்குப் பக்கத்தில ஒரு கத்தோலிக்கத் தாய் இருக்கிறா!

"வந்த ஆக்கள் ஒருத்தரும் சாப்பிடாமல் போகக்கூடாதாம்" எண்டன்.

"நல்ல மனுசி" எண்டா தங்கச்சி.

"ஓம், நல்ல மனுசிதான்" எண்டா றீற்றா அக்கா.

அடுத்ததா ராணியம்மா மருமகளுக்கு ஒரு கிண்ணம் சூப் குடுத்து விட்டா. மருமகள் குடிக்க முதல் அவவின்ர நாய் நக்கிச்சுது. ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுக் காலை நீட்டிச்சுது.

"நாய்க்கு என்ன நடந்தது?"

"நித்திரை. நல்ல சத்தான சூப்பாம்."

"அந்த மாமியார் மருமகளை எப்பிடிப் பார்க்கிறா, பாருங்கோ!" தங்கச்சிக்குக் குரல் இளகிப்போச்சு. றீற்றா அக்கா லேசா இருமினா.

பிறகு சேர்ச் மணி அடிச்சுது பாருங்கோ! கதவுகள் உடையுது. சனம் ஓடுது. பின்னால வாளோட ஆக்கள்.

"ஏன் ஓடீனம்?"

"பந்தி போட்டிட்டினம்."

"வாள் என்னத்துக்கு?"

"இறைச்சி வெட்ட. அவை மச்சம் சாப்பிடுறவைதானே."

"கீழ கிடக்கிறவை?"

"வெறி. பிரெஞ்சுக்காரர் நல்லாக் குடிப்பினம்."

"நிலமெல்லாம் சிவப்பு?"

"வைன்!"

"இவ்வளவு வைனோ?"

"பெரிய இடத்துக் கலியாணம், தங்கச்சி!"

முன் வரிசையில இருந்த வெள்ளைக்கார மனுசி திரும்பி "ஷ்ஷ்" எண்டா. நான் குரலைக் குறைச்சன். பொய்யைக் குறைக்க ஏலேல்லை. அந்த நேரம் பார்த்துச் சிவப்பு அங்கி போட்ட ஒரு பாதிரியார் கத்தியும் கையுமா வந்தார்.

"சாமியார் என்ன செய்யப் போறார்?"

"கேக் வெட்ட. அது அவையின்ர முறை."

இதோட விட்டிருக்கலாம். தங்கச்சி எனக்கு மேலால எட்டி, வந்ததில இருந்து முதல் தரமா றீற்றா அக்காவோட வாய் திறந்தா.

"அப்ப எங்கட பிள்ளையளுக்கும் ஃபாதர்தானோ கேக் வெட்டுவார்?"

றீற்றா அக்கா கொஞ்சம் யோசிச்சா. "இல்லை. எங்கட ஃபாதருக்குச் சுகர். கேக் பக்கமே வாறேல்லை."

கடைசியில மணப்பெண் தனிய ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில நிண்டு அழுதுது. தாய் தகப்பன் ஒருத்தரும் மிஞ்சேல்லை. நான் சொன்னன், "தாய் வீட்டை விட்டுப் போறா. அதுதான் கவலை."

தங்கச்சி குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கிட்டா! துளசி அவவுக்கு ஒரே பிள்ளை. எனக்கும் கண்ணீர் வந்திட்டுது. என்ர பொய்க்கு நானே அழுறன்! றீற்றா அக்கா எனக்கு முன்னால கையை நீட்டித் தங்கச்சிக்கு ஒரு ரிஷ்யூ குடுத்தா.

அப்பாடா, வெற்றி எண்டு நினைச்சன்.

வெளிய வந்தம். எங்களை "ஷ்ஷ்" எண்ட மனுசி தன்ர புருசனிட்ட என்னைக் காட்டிப் பிரெஞ்சில ஏதோ புறுபுறுத்தா. றீற்றா அக்கா நிண்டா. திரும்பினா. கடகடவெண்டு பிரெஞ்சில ஒரு பத்து வசனம் கதைச்சா! அந்த மனுசி என்னைப் பார்த்தா, வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. புருசன் என்ர தோளில தட்டிப்போட்டுப் போனார்.

நான் அவவின்ர பக்கம் திரும்பினன்.

"றீற்றா அக்கா... உங்களுக்குப் பிரெஞ்சு?"

"லண்டனுக்கு வர முதல் கனகாலம் பாரிசிலதானே இருந்தனாங்கள் தம்பி. அன்ரன் பிறந்ததும் அங்கதான். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அந்த நேரம் ஃபோன் அடிச்சுது. துளசியின்ர மெசேஜ். "மாமா, அன்ரி பிரெஞ்சில படம் பார்த்துக் கனகாலமாம். அதை யோசிச்சுப் புக் பண்ணியிருக்கிறீங்கள். சோ ஸ்வீட்!"

பக்கத்துக் கோப்பிக் கடையில வைச்சு றீற்றா அக்கா தங்கச்சிக்கு முழுப் படத்தையும் திருப்பிச் சொன்னா. ஒண்டும் விடேல்லை. ராணி, சூப், நாய், மணி, வாள். தங்கச்சியின்ர வாய் திறந்தபடி.

"அப்ப அது வைன் இல்லையோ?"

"இல்லை, சம்மந்தி. ரத்தம்."

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் கண்ணை மூடிக்கொண்டன். துளசியின்ர கலியாணம் என்ர வாயால கெட்டுது எண்டு நினைச்சன்.

"உங்கட அண்ணை பாவம்" எண்டா றீற்றா அக்கா. "என்னை நல்லவளாக் காட்ட எவ்வளவு பாடுபட்டவர். நான் சூப் வைக்கிறதே இல்லை. பயப்பிடாமல் மகளைத் தாங்கோ."

தங்கச்சி சிரிச்சா பாருங்கோ! கோப்பி கையில சிந்தச் சிந்தச் சிரிச்சா. "சத்தான சூப்பெண்டு சொன்னாரே, பாவி!" ரெண்டு பேரும் ஒருத்தரின்ர தோளில ஒருத்தர் சாய்ஞ்சு சிரிக்கீனம். முழுக் கடையும் எங்களைப் பார்க்குது. அப்பதான் எனக்கு உறைச்சுது. "சம்மந்தி" எண்டெல்லோ சொன்னவ! மனம் நிறைஞ்சு போச்சு.

பிறகு என்னை ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அவையே எல்லாம் கதைச்சினம். காலமை கோயிலோ சேர்ச்சோ, பின்னேரம் எதுவோ எண்டு பெரிய இழுபறி. தாலியில சிலுவை வைக்கலாமோ எண்டது இன்னும் முடியேல்லை. சாப்பாடு மரக்கறியோ மச்சமோ எண்டது எப்ப முடியுமெண்டு தெரியாது.

ரெண்டு சமயமும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட தீர்மானம் ஒண்டே ஒண்டுதான்: கலியாணத்தில எனக்கு மைக் தரக்கூடாது.