மீசை போட்ட கவர்

ஏற்காடு,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு, காளியண்ணன் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் பனிக்கும் இருமலுக்கும் நடுவே நலம். சேலத்து வெயிலில் தாங்களும், கவர் அச்சடிக்கும் தங்கள் மெஷினும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன். போனில் பேசலாம்தான். பேசினால் பாதியில் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

முதலில் நன்றி. மகள் வெண்ணிலாவை இங்கேயே அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னது நீங்கள். என் சிப்ஸ் கவரில் பேர் மட்டும் பத்தாது, மீசையோடு போட்டோவும் போட்டால்தான் ஜனங்க மறக்க மாட்டாங்க என்று சொன்னதும் நீங்களே. ரெண்டும் தனித்தனியா நல்ல யோசனைதானுங்க மச்சான். ஒண்ணா சேர்ந்துதான் என்னைக் கவுத்துச்சு.

அங்க சுஜாதா மிஸ்ஸுன்னு ஒருத்தர். டிபன் டப்பா, தண்ணி பாட்டில் எது கீழே கிடந்தாலும் யாருதுன்னு பார்த்து, அவங்க கையில குடுத்து, "இது உங்களுதுங்க"ன்னு சொல்லணும், வாங்கினவங்க நன்றி சொல்லணும்னு பழக்கி வெச்சிருக்காங்க. நல்ல பழக்கம். போன மாசம் புள்ளைங்களைக் கரடியூருக்கு வேடிக்கை காட்டக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. மிஸ் பள்ளத்தாக்கைக் காட்டினா, புள்ளைங்க புதரைப் பார்த்திருக்கு. புதர் பூரா நான். எழுத்துக் கூட்டத் தெரியாத புள்ளைக்கும் மீசை தெரியுமே. சாயங்காலம் கடைக்கு முன்னால வரிசையா வந்து நின்னு, ஆளுக்கு ரெண்டு கவரை நீட்டி, "இது உங்களுதுங்க"ன்னுச்சுங்க. சிரிச்சுட்டே வாங்கிப் போட்டேன். மறுநாளும் வந்தாங்க, பஸ் ஸ்டாண்டுல பொறுக்கினது. அப்புறம் ஏரிக்கரையில பொறுக்கினது. சீசன் நேரம், பெங்களூர்க்காரங்க குடும்பத்தோட நிக்கறாங்க, சேறு ஒழுகற என் மூஞ்சியைப் புள்ளைங்க ஒவ்வொண்ணா என்கிட்டயே தர்றாங்க. ஒரு அம்மா கையில எடுத்த பாக்கெட்டைத் திரும்ப வெச்சுட்டுப் போயிட்டாங்க. பல்லைக் கடிச்சுட்டு வாங்கினா, ஸ்டெபின்னு ஒரு பொடியன் நகர மாட்டேங்கறான். என்ன கண்ணுன்னா, "நீங்க இன்னும் நன்றி சொல்லலீங்க"ங்கறான். பிளாஸ்டிக் தடைன்னு சோதனைக்கு வர்றவங்ககிட்ட, கவர் வேற பாக்கெட் வேறன்னு மணிக்கணக்கா பேசத் தெரிஞ்ச எனக்கு, அவன்கிட்ட நன்றிங்கன்னுதான் சொல்ல வந்துச்சு.

இதெல்லாம்கூடச் சமாளிச்சிருப்பேன். ஒருநாள் காலையில வெண்ணிலா தன் தண்ணி பாட்டில்ல ஒட்டியிருந்த பேரை நகத்தால சுரண்டிட்டு இருந்தா. 'கா. வெண்ணிலா'வுல 'கா'வை மட்டும். ஏன் சாமின்னு கேட்டேன்.

"உங்க கவரு கெடைச்சா எல்லாரும் என்ற கையிலதான் குடுக்கறாங்கப்பா. உங்க பேரு நொம்ப எடத்துல கெடக்குது. எனக்கு வேண்டாம்."

தகர டின்னைத் தலையில தூக்கி, பஸ்ஸுக்குப் பஸ் ஏறி இறங்கி சிப்ஸ் வித்தவன் நான். பெத்தவங்க சொத்துன்னு ஒண்ணும் இல்ல, பேரு ஒண்ணைத்தான் சம்பாரிச்சேன், அவளுக்குன்னு. அவ அதைச் சுரண்டி, தூளை ஊதி விட்டா.

அன்னிக்குக் கடை திறக்கல. வெள்ளக்கடை கிராமத்துக்குப் போய், இலை தைக்கற ராசம்மாளைப் பார்த்து, மந்தாரை இலையில தொன்னை தைச்சுத் தரச் சொன்னேன். இப்ப சூடா தொன்னையில போட்டுத் தர்றோம், இங்கயே நின்னு தின்னுட்டு, தொன்னையைக் கூடையில போட்டுட்டுப் போறாங்க. ஊட்டுக்கு வேணும்னா டப்பா கொண்டுவரணும். புண்ணியத்துக்குச் செஞ்சேன்னு பொய் சொல்ல மாட்டேன் மச்சான். நின்னு திங்கறவன் இன்னொரு தொன்னை கேட்கறான், வியாபாரம் கூடித்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை புள்ளைங்களோட கரடியூர் போய், குனிஞ்சு குனிஞ்சு என்னையே பொறுக்கினேன். உங்க தங்கச்சி போட்டோ எடுத்து வெச்சிருக்கா, தயவுசெஞ்சு கேட்டு வாங்காதீங்க.

நேத்து ராத்திரி வெண்ணிலா புது ஸ்டிக்கரைக் கொண்டுவந்து பேரெழுதித் தரச் சொன்னா. 'கா' போடட்டுமான்னு கேட்டேன்.

"போடுங்க. சின்னதா."

எனவே, சீசனுக்குச் சொல்லியிருந்த கவர் ஆர்டரை நிறுத்திவிடவும். தங்களுக்கு நஷ்டம்தான், தெரியும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைக் காட்டியதற்கு நான் பட்ட கடன் அதைவிடப் பெரியது. இனி ஒரு கவரும் என் கடை வாசலுக்கு வராது, நிம்மதி. அக்காவுக்கு என் வணக்கமும், மருமகன் தினேஷுக்கு ஆசியும்.

என்றும் நன்றி மறவாத,
காளியண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கறதுக்குள்ள புள்ளைங்க ஒரு சாக்கை இழுத்துட்டு வந்துட்டாங்க. பிரிச்சா, என் மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. பேரே இல்லாத வெறும் கவரும் பாட்டிலும். இது என்னுது இல்லயேன்னு ஜம்பமா சொன்னேன். பேரில்லாதது நம்ம எல்லாருதும்னு மிஸ் சொல்லிட்டாங்களாம், எல்லாருலயும் பெரிய கடை என்னுதாம். வெண்ணிலாதான் முன்னால நிக்கறா, என்ன செய்ய? வாங்கி வெச்சுட்டேன். மேலே நிம்மதின்னு எழுதினதை அடிச்சுட்டுப் படிங்க. ஞாயித்துக்கிழமை உங்க வேன் காலியா இருந்தா மேலே அனுப்பி வைங்க. குப்பனூர் ரோட்டு வழியா மட்டும் வர வேண்டாம், அந்தப் பக்கமும் புள்ளைங்க பொறுக்க ஆரம்பிச்சுட்டாங்க, இங்க வந்து சேர்றதுக்குள்ளயே வேன் ரொம்பிரும்.