திருப்புளியில் புளி உண்டா?

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் வீட்டம்மாவும் சுகமாக இருப்பீர்கள்; இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை. உங்கள் பெண் நாளைக் காலை அங்கே வருகிறாள். 'அப்பாவைப் பார்த்துட்டு வரேன்' என்றாளே தவிர எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. கட்டி வைத்திருக்கும் பெட்டியோ பெரியது. அவள் வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் என் வீட்டுக்காரி குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். கதவின் கைப்பிடி கழன்று அவள் கையோடு போய்விட்டது. மிச்சமும் விழுந்துவிடாமல் நான் வெளியே பிடித்துக்கொண்டு நின்றபடி, 'திருப்புளி எடுத்துட்டு வாம்மா' என்று உங்கள் பெண்ணுக்குக் குரல் கொடுத்தேன். நான் ஆயுசு முழுக்க இரும்புக்கடை வைத்திருந்தவன். ஊரே ஸ்க்ரூடிரைவர் என்றாலும் என் வாயில் திருப்புளிதான் வரும், அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. அவளும் பதறியடித்து ஓடினாள், திரும்பி வந்தாள், கையில் கிண்ணம், கிண்ணத்தில் ஓர் உருண்டை புளி. துரு எடுக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தண்ணீரும் விட்டிருந்தாள். 'திருப்புளி எதுன்னு தெரியல மாமா, வீட்ல இந்தப் புளிதான் இருக்கு' என்றாள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். உங்கள் மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தே சிரித்தான். 'புளியோ மிளகாயோ, முதல்ல கதவைத் திறங்க' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, அதற்கும் சிரித்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். பயல் அதைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுத் தொலைத்தான். அவன் அத்தை போன் பண்ணி, 'புளி எப்படி இருக்கா?' என்று விசாரிக்கிறாள். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உங்கள் பெண், 'சரி மாமா, அதுக்குள்ள புளி எங்கேருந்து வந்துச்சு?' என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அந்தக் காலத்தில் துருப்பிடித்த திருகாணியைப் புளி போட்டுத் தேய்த்துத்தான் திருப்புவார்கள், அதனால் திருப்புளி என்று அடித்துவிட்டேன். 'திரு போட்டுக் கூப்பிட்டா மரியாதைப்பா, மரியாதைக்குரிய புளி' என்றான் மகன். மறுபடியும் சிரிப்பு. அவள் எழுந்து போய் அந்தத் திருப்புளியையே கொண்டு வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். 'திருப்பு, உளி. திருப்புற உளி மாமா. தச்சர் கையில இருக்குமே, அந்த உளி. இதுல புளியே இல்ல. நான் தெரியாம புளி கொண்டு வந்தேன். தெரிஞ்சவங்க நீங்களும் புளின்னுதானே நெனச்சிருக்கீங்க?' என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. எனக்கு 'சாப்பிட வாங்க' மட்டும்தான்.

அவள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் சாப்பிடும்போது பேச்சுச் சத்தம் கேட்டது. இப்போது கரண்டிச் சத்தம்தான் கேட்கிறது. எனக்கு மனசே சரியில்லை, சம்பந்தி. கோபத்தில் பெண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு விடாதீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளையிடமே கொடுத்தனுப்புகிறேன், வாசலில் வைத்தே அவனைத் திட்டத் தொடங்கலாம், என் பங்கையும் அவனிடமே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். நம் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்காமல், சேர்ந்து சிரித்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
முகத்தைக் காட்ட முடியாத உங்கள் சம்பந்தி

பி.கு.: உங்கள் மாப்பிள்ளை கடிதத்தோடு இன்னும் கிளம்பவில்லை, நல்லதாயிற்று. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். காலையில் அவள் தூக்கிப் போன பெட்டி கடகடவென்று சத்தம் போட்டது. துணி இப்படிச் சத்தம் போடாதே என்று போய்ப் பார்த்தால் என் கருவிப்பெட்டி காலி. உங்கள் சமையலறை ஜன்னல் கொக்கி கழன்று தொங்குகிறதாம், மாட்டிக் கொடுத்துவிட்டுச் சாயந்திரமே வருவதாக மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். 'அப்பாவும் பிள்ளையும் கொஞ்சம் பதறட்டும்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்' என்கிறாள் என் வீட்டுக்காரி. இதை அவள் குளியலறைக்குள்ளிருந்து சொல்கிறாள். நான் மாட்டிய கைப்பிடி மறுபடியும் கழன்றுவிட்டது. கடையில் புதிதாக ஒரு திருப்புளி வாங்கி வருகிறேன் என்றதற்கு, 'வேற யாரும் கதவைத் தொடக்கூடாது. என் மருமக வந்து திறந்தாத்தான் வெளிய வருவேன்' என்கிறாள். ஆகவே சம்பந்தி, பெண்ணை உடனே திருப்பி அனுப்புங்கள். உளி மெதுவாக வந்தாலும் பரவாயில்லை.