பாசிப்பச்சையில் ஒரு பொட்டு

ஒரு காட்டில், சிங்கராஜா புதுசாக மண்டபம் கட்டியும் சுவர் மட்டும் மொட்டையாக நின்ற ஒரு காட்டில், மூக்காயி என்று ஓர் எருமை இருந்தது. அது படம் வரையும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே வரையும்.

அந்தச் சுவருக்காக மழைக்காலம் முழுக்க மாய்ந்து மாய்ந்து ஒரு படம் போட்டது. பெரிய துணி. துணி முழுக்கப் பாசிப்பச்சை. மேலே பச்சை, கீழே பச்சை, நடுவிலும் அதே கண்றாவிப் பச்சை. மானில்லை, மரமில்லை, ஒரு கோடுகூட இல்லை.

ராஜா வந்து பார்த்தது. படத்துக்குப் பின்னால் போயும் பார்த்தது.

"ஏம்மா, படம் எங்கே?"

"இதுதாங்க ராஜா."

"அர்த்தம்?"

மூக்காயிக்கு வெட்கமாகிவிட்டது. "குட்டையில கழுத்தளவு தண்ணியில கிடக்கும்போது மனசு சும்மா இருக்குமே, அதுங்க."

ராஜாவுக்கு மனசு சும்மா இருந்து பழக்கமில்லை. "நாளைக்குத் திறப்பு விழா. அதுக்குள்ள எனக்குப் புரிஞ்சா சுவர்ல மாட்டுவோம். இல்லேன்னா யானைக் கொட்டகை ஒழுகுது, கூரைமேல போட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனது. பெற்ற கன்றைக்கூட மூக்காயி இந்தப் படத்தைப் போலப் பார்த்துப் பார்த்து வளர்த்ததில்லை.

விழாவில் பூசை வேலை காட்டுப்பன்றி தங்கராசுவுடையது. புதுசாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் விடாத ஆசாமி. மைக்செட்டுக்கு வைத்தாயிற்று, நாற்காலிக்கு வைத்தாயிற்று. அதே வேகத்தில் படத்தின் நடுவிலும் நச்சென்று ஒன்று வைத்துவிட்டது.

"அடப்பாவி! என்ன காரியம் பண்ணினே?" என்று மூக்காயி அலறியது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. புதுப் பொருளைச் சும்மா விட்டா கண்ணு பட்டுடும்."

துடைப்பதற்குள் ராஜா உள்ளே வந்தாயிற்று. கூடவே கலை விமர்சகர் நரி நாகரத்தினம். நரி தலையைச் சாய்த்துப் பார்த்தது, மைக்கைப் பிடுங்கியது.

"மன்னா! பச்சை என்பது இந்தக் காடு. நடுவே தன்னந்தனியாகச் சிவந்து நிற்கும் புள்ளி தாங்கள்! அதிகாரத்தின் தனிமை!"

"நேத்து இது இல்லையே?"

"நேற்று தாங்கள் பார்க்கவில்லை மன்னா. இன்றுதான் பார்க்கிறீர்கள்."

ராஜாவுக்குக் குபுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. "என்னை இவ்வளவு புரிஞ்சு வச்சிருக்காங்களே!" என்று மூக்கைச் சிந்தியது. குரங்குகள் புள்ளியோடு செல்பி எடுத்துக்கொண்டன. படம் சுவரில் ஏறியது. ராஜாவே பொன்னாடையை விரித்துக்கொண்டு மூக்காயியிடம் வந்தது.

பேசாமல் தலையைக் குனிந்திருக்கலாம். படத்தைப் பார்த்ததும் மூக்காயிக்குப் பொறுக்கவில்லை.

"ராஜா, அந்தப் புள்ளி நான் வச்சதில்லைங்க. தங்கராசு வச்ச பொட்டு. நான் போட்டது பச்சை மட்டும்தான். பொட்டைத் துடைச்சிட்டுப் பாருங்க, அந்தப் பச்சைதான் படம்."

ராஜா பொன்னாடையோடு அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, ஓரமாகப் பொரிகடலை தின்றுகொண்டிருந்த தங்கராசுவின் தோளில் போர்த்தியது.

"இப்படி ஒரு மகா கலைஞன் என் காட்டுலேயே இருந்திருக்கானே!"

"புள்ளிக்குப் பின்னால் பூச்சுவேலை பார்த்தவரையும் நாம் மறந்துவிடக் கூடாது" என்று நரி மைக்கில் பெரிய மனசு பண்ணிச் சொன்னது. மூக்காயிக்கு ஒரு தேங்காய் மூடி கொடுத்தார்கள்.

இப்போது தங்கராசு காடு காடாகப் போய்ப் பொட்டு வைக்கிறது. பின்னணிக்குப் பச்சையடிப்பது மூக்காயிதான்.

"நல்லாத்தான் இருக்குக்கா" என்கிறது தங்கராசு. "ரொம்பக் கண்ணுல படாம அடிங்க."

நீதி: உண்மையைச் சொல்லியே தீரவேண்டும் என்றிருப்பவர்கள், முதலில் பொன்னாடையை வாங்கி இறுக்கமாக முடிச்சுப் போட்டுக்கொள்ளவும்.