அந்தரத்தில் தொங்கும் கால அட்டவணை

என் மனைவியோடு கூடப் பிறந்த ஒரே காரணத்துக்காக இன்னமும் என் அன்புக்குரியவனாக இருக்கும் மைத்துனனுக்கு,

இங்கே நலம் என்று எழுதுவது முறை, ஆகவே எழுதிவிட்டேன். அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவனை மாட்டிவிட்டுப் போனவனுக்கு என்ன குறை? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மின்னஞ்சல் அனுப்பலாமென்றால் அதுவும் அந்தப் பாழாய்ப்போன மெஷினுக்குள்தான் இருக்கிறது. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் நானே வந்து உன் வீட்டுக் கதவிடுக்கில் செருகப் போகிறேன். இந்தப் பேனா பாதி எழுதும்போது என்னைப் பிடித்து வெளியே தள்ளவில்லை என்பதைக் கவனத்தில் வை.

பள்ளிக்கூடத்தில் மேசைக்கு மேசை ஒரு கணினி இருந்தது. பழசுதான். இருமிக்கொண்டும் செருமிக்கொண்டும்தான் கிடந்தது. ஆனால் கையால் தொடலாம், கோபம் வந்தால் மண்டையில் ஒன்று வைக்கலாம். கணினிகளைப் பார்த்துக்கொள்ள உன்னை உள்ளே விட்டதும் துணைத் தலைமையாசிரியனாகிய நானேதான். நீ வந்ததும் அவற்றை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டு, "இனிமே விர்ச்சுவல் மெஷின் அத்தான். கம்ப்யூட்டரு வேற எங்கயோ ஒரு பெரிய ரூம்ல இருக்கும். நீங்க வீட்டுல உக்காந்துக்கிட்டே ரிமோட் டெஸ்க்டாப்ல அதுக்குள்ள போயிட்டு வரலாம்" என்றாய். அதாவது கணினி என்னிடம் கிடையாது, அதன் படம் மட்டும் என் லேப்டாப்பில் தெரியும். சாப்பாட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுச் சாப்பிடச் சொல்வது போலிருந்தது. அப்போதே உன்னைத் துரத்தியிருக்க வேண்டும். அதிலும் அதே பள்ளியில் அறிவியல் எடுக்கிற உன் அக்கா மதிப்பெண் ஏற்றுவதற்கும், நான் கால அட்டவணை போடுவதற்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். "ஒரே வீடுதானே அத்தான், அக்கா இறங்கினதும் நீங்க ஏறிக்கோங்க" என்று பஸ் நிறுத்தத்தில் நிற்பவனுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாய்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் ஓடியது. நான் கூடத்திலிருந்து "இறங்கிட்டியா?" என்பேன், அவள் படுக்கையறையில் தன் லேப்டாப் முன்னாலிருந்து "இறங்கிட்டேன், ஏறுங்க" என்பாள். பிறகுதான் புதிய பருவத்துக்கான அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், ஒன்பதாம் வகுப்பு, அறிவியல் என்று உன் அக்காவின் தலையில் போட்டேன். நான் என்ன செய்ய? நல்ல பீரியடாகக் கொடுத்தால் பெண்டாட்டிக்குச் சலுகை என்று ஆசிரியர் அறையே சிரிக்கும். "எல்லாப் பருவமும் எனக்கேவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குச் சாத்தின வாய்தான், இன்னும் திறக்கவில்லை. சுவரிடம் பேசுகிறாள், ஜன்னலிடம் பேசுகிறாள், என்னிடம் இல்லை. மெஷினையும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. மதிப்பெண் வேலையைப் பள்ளியிலேயே முடித்துவிடுகிறாள் போலிருக்கிறது. எப்படியோ போகட்டும், மெஷின் முழுக்க எனக்குத்தான் என்று நினைத்தேன். அந்த நாளிலிருந்துதான் உன் மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்தது.

உள்ளே போகிறேன், ஆறாம் வகுப்பை முடித்து ஏழாம் வகுப்பில் கை வைக்கிறேன், படக்கென்று திரை கருக்கிறது, வெளியே கிடக்கிறேன். மறுபடி போகிறேன், மறுபடி வெளியே. போகட்டும், போன இடத்திலாவது வைத்தது வைத்தபடி இருக்கிறதா? என் அட்டவணை மூடிக் கிடக்கிறது, சேமித்தும் இல்லை. அதன் இடத்தில் எவனோ ஒருவனுடைய எண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. யார் வீட்டுக் குப்பை என் வாசலில் என்று நானும் அதைச் சேமிக்காமல் மூடித் தள்ளுகிறேன். இது வேண்டுமென்றே யாரோ செய்கிற வேலை. யாரென்றும் தெரியும். அந்தப் புவியியல் ஆசிரியன், உலக உருண்டை. அட்டவணை போடும் வேலை மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். "திங்கட்கிழமை காலையில அட்டவணை சுவர்ல இருக்கணும் சார். இல்லைன்னா அந்த வேலைய அவர்கிட்டயே குடுத்துடுறேன்" என்று தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் சொன்னபோது அவன் டீ கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தான். இத்தனை வருஷம் ஒரு வகுப்பும் ஆசிரியர் இல்லாமல் நின்றதில்லையப்பா, என் அட்டவணையில். அது ஒன்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கிருக்கிற மரியாதை. அதுவும் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது.

உன் யோசனைகளையும் ஒன்று விடாமல் செய்தேன். ரவுட்டரை உயரத்தில் வைக்கச் சொன்னாய், பீரோ மேல் ஏற்றினேன். வயர் போட்டால் உறுதி என்றாய், கூடத்தின் குறுக்கே வயரை இழுத்து, அதில் நானே தடுக்கி விழுந்து, முழங்காலில் இன்னும் மருந்து தடவிக்கொண்டிருக்கிறேன். மேல்வீட்டுக்காரன் நம் இணைப்பைத் திருடுகிறான் என்று மாடியேறிப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் வீட்டில் ஒரு ரேடியோ மட்டும்தான் இருந்தது, இப்போது படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இணைப்புக்காரனை வரவழைத்தால், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லைன் நல்லா இருக்கு சார். நீங்கதான் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணும்" என்கிறான். திரையின் பின்னணிப் படத்தை எடுத்துவிட்டால் பாரம் குறையும் என்றாய். உன் அக்காவும் நானும் கடற்கரையில் நிற்கிற படம் அது, அவளே ஆசையாக வைத்தது. அதையும் தூக்கினேன், கறுப்பாக்கினேன். ஒன்றும் குறையவில்லை. அடுத்த நாளிலிருந்து வீட்டில் பாத்திரச் சத்தம்தான் கூடியிருக்கிறது.

நீ நேரில் வந்து உட்கார்ந்தாயே, அன்றைக்கு மட்டும் அந்த மெஷின் பெற்றவர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி அடங்கி ஒடுங்கி இருந்தது. உன் அக்கா உனக்காக அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள், நீ தட்டைக் காலி செய்துகொண்டே, "நல்லாத்தானே இருக்கு அத்தான்" என்று என்னைப் பொய்யனாக்கினாய். வெளியே தள்ளும்போது திரையில் ஒரு பெட்டி வருமே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாய். நாலு வரி எழுதியிருக்கிறது, கீழே ஒரு பொத்தான் இருக்கிறது, பொத்தானை அழுத்திவிடுகிறேன் என்றேன். "படிக்கலயா?" என்றாய். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினவன் நீட்டுகிற மன்னிப்புக் கடிதத்தை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

ஆகவே சொல்கிறேன். இன்று ஞாயிறு. மாலைக்குள் அந்தப் பழைய கணினிகளில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர். வராவிட்டால் இந்த வீட்டுப் படியை மிதிக்காதே. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள் முழுதாக உண்டு. உனக்கு எவ்வளவு என்பதை மாலையில் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவி.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப் போன நேரத்தில் படுக்கையறைக் கதவு திறந்தது. உன் அக்கா வெளியே வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "அப்பாடா, இன்னைக்குத்தான் ஒரு தடவகூட அறுந்து போகல" என்றாள். நான் மதியத்திலிருந்து மெஷினைத் தொடாமல் உன்னைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "எது அறுந்து போகல?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எங்களுக்குள் பேச்சில்லை என்பது நினைவுக்கு வந்தது. சோதித்துப் பார்க்க நான் உள்ளே போனேன், அவள் வெளியே விழுந்தாள். இந்தத் தடவை அவள் பொத்தானை அழுத்தவில்லை, பெட்டியைச் சத்தமாகப் படித்தாள்: வேறொருவர் உள்ளே நுழைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த வேறொருவர் நான்தான். எனக்கு அவள். நான் மூடித் தள்ளியவை ஒன்பதாம் வகுப்பின் அறிவியல் மதிப்பெண்கள். அந்த வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை அவள் கண்ணில் படவென்றே நான் வீம்புக்குத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்து, அவள் என் அட்டவணையை மூடியிருக்கிறாள். "மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானே, படத்தை எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டாள். பாரம் குறைக்க நீ சொன்ன வைத்தியம் அது என்றேன். படம் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. உலக உருண்டை மேல் ஒரு குற்றமும் இல்லை, மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் கடைசிப் பீரியட் இனி எனக்கு. அதற்கும் நீதான் காரணம். நாளைக் காலை அட்டவணை சுவரில் இருக்கும். உன் அக்கா உடனே தனித்தனிக் கணக்கு வேண்டும் என்கிறாள், நான் கூடவே கூடாது என்கிறேன். அதை வைத்துப் புதிதாக ஒரு சண்டை தொடங்கியிருக்கிறது, இதை வாயாலேயே போட்டுக்கொள்கிறோம். எங்களுக்குள் முடிவாகும்வரை நீ எதிலும் கை வைத்தால் தொலைத்துவிடுவேன். உள்ளேயிருந்து "இறங்கிட்டேன், ஏறுங்க" என்கிறாள். போகிறேன்.