ஓடாத வண்டியின் விலை

இந்த வண்டி இனிமேல் ஓடாது என்று நான் முடிவெடுத்தது 2006ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. சாவியைத் திருப்பினால் மூன்றாவது தெருவில் தூங்குகிற நாய் எழுந்து நிற்கும். அப்படிப்பட்ட எஞ்சின். ஓட முடியாது என்பதல்ல, ஓடக் கூடாது என்பதுதான் முடிவு.

காண்டசா. பெட்ரோல் வண்டி. கறுப்பு. நீண்ட மூக்கு, பயில்வானுக்கு இருப்பதுபோல் அகன்ற தோள். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக வெளியே வந்த சிலவற்றில் ஒன்று என்று சொல்லித்தான் ஒரு கப்பல் ஏஜென்ட் எனக்கு விற்றார். அவர் மகளோடு கனடாவில் குடியேறப் போனார். பெட்ரோலைத் தண்ணீர்போலக் குடிக்கும் வண்டியை அப்போது யாரும் சீந்தவில்லை. ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினேன்.

வாங்கினேன் என்று சொல்வது என் மரியாதைக்காக. பணம் என் மனைவி செங்கொடியுடையது. பிளவுஸ் தைத்துச் சீட்டுக் கட்டி எடுத்தது. ஆர்.சி. புத்தகமும் அவள் பேரில்தான். அவள் அப்பா துறைமுகச் சங்கத்தில் இருந்தவர். மகளுக்குப் பேரோடு சேர்த்துப் பேரம் பேசும் திறமையையும் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அசோகன் என்று பேர். கலிங்கத்தில் ஜெயித்தவனின் பேர். நான் போரே செய்வதில்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் என் முடிவு உங்களுக்குப் புரியும். நான் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலுக்குக் கார் ஏற்றும் டிரைவர். வெளிநாட்டுக்குப் போகும் புதுக் கார்களை யார்டிலிருந்து எடுத்து, சாய்தளம் வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோய், பக்கத்து வண்டிக்கு ஒரு சாண் இடம் விட்டு நிறுத்த வேண்டும். இறங்கி வந்தால் வேன் எங்களைத் திரும்ப யார்டுக்குக் கூட்டி வரும். அடுத்த கார். பத்து வருஷமாக இதே வேலை. மோதிரம் போடக் கூடாது. வாட்ச் கூடாது. பெல்ட் பக்கிள் பெயிண்டில் உரசக் கூடாது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கூடாது. நான் ஓட்டிய எந்தக் காரிலும் மீட்டர் ஒற்றை இலக்கத்தைத் தாண்டியதில்லை.

ஆகவே எனக்குத் தெரியும். வண்டியின் கற்பு மீட்டரில் இருக்கிறது. இந்தக் காண்டசாவின் மீட்டரில் 8114. ஊரில் இருக்கும் மற்ற காண்டசாக்கள் ஓடி ஓடி ஓய்ந்து, பேரீச்சம்பழத்துக்குப் போய்ச் சேரும். நம்முடையது மட்டும் 8114லேயே நிற்கும். அன்றைக்கு வருவான் ஒருத்தன், பணப்பையோடு.

வண்டியை எங்கள் தெருக்கோடியில் அமீருதீனின் இரும்புக் கிடங்கில் நிறுத்தினேன். மேலே தார்ப்பாய். சீட்டுகளுக்குத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் உறை. முதல் நாளே செங்கொடிக்கு விதிமுறைகளைச் சொன்னேன்.

"வளையலக் கழட்டிட்டுத்தான் வண்டியாண்ட வரணும்."

"இன்னாய்யா, வண்டியா, சாமியா?"

"செருப்பும் வெளிய."

"அப்பால தேங்கா எப்ப உடைக்கணும்?"

"வெளயாடாத செங்கொடி. இது சொத்து."

"சொத்துன்னா குடியிருக்கணும், இல்லன்னா துன்னணும். இத இன்னா பண்றது?"

"பாக்கணும்."

"பாத்தா?"

"வெல ஏறும்."

"என்னக்கூடத்தான் இருவத்தாறு வருசமா பாத்துகினு கீறே. ஏறிச்சா?"

நான் தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

மார்ச்சில் அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்கு மாதவரம் போக வேண்டியிருந்தது. வண்டியில் போகலாம் என்றாள். பஸ்ஸில் போனோம். இரண்டு பஸ் மாறி. தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மாதவரம் பால் பண்ணை ஸ்டாப்பில் இறங்கும்போது சொன்னாள்.

"விக்காதய்யா அத. ஓட்டு. உன் பக்கத்துல நான் உக்காரணும்."

"ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு கொறையும்மே."

அதற்குப் பிறகு அவள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. எதிர்ப்பு அடங்கிவிட்டது என்று நினைத்தேன். சங்கத்துக்காரர் மகளைப் பற்றி அப்படி நினைத்திருக்கக் கூடாது.

தினமும் வேலை முடிந்து வந்ததும் கிடங்குக்குப் போவேன். தார்ப்பாயை விலக்கி மீட்டரைப் பார்ப்பேன். 8114. சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, டயர் ஒரே இடத்தில் அழுந்தாமலிருக்க ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால். வண்டியில் ஒரு பொட்டுத் தூசு இருக்காது. ஓடாத வண்டியைத் தூசுகூட மதிக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

"யாராச்சும் தொட்டாங்களா பாய்?" என்று அமீருதீனைக் கேட்பேன்.

"இன்னா மாமு, நான் இங்க எதுக்குக் கீறேன்? வெளியாளு ஒருத்தன் நிழலு பட்டிருக்குமா?"

வெளியாள் என்ற சொல்லை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

நவம்பரில் நான் சொன்னதுபோலவே வந்தான் ஒருத்தன். கோயமுத்தூரில் மில் வைத்திருப்பவர். பழைய வண்டி, அரிதான வண்டி, கம்பெனி நிறுத்திய வண்டி என்று பதினோரு வண்டிகள் சேர்த்திருக்கிறாராம். எதையும் ஓட்டுவதில்லையாம். இவர் என் ஜாதி என்று போனிலேயே தெரிந்துவிட்டது. மீட்டர் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு விலை சொன்னார். நான் போனை இடது காதுக்கு மாற்றி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வாங்கியதைப்போல் நான்கு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார்.

"பாத்தியா?" என்றேன் செங்கொடியிடம்.

"பாத்தேன்," என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கிடங்கு வாசலில் அவராகவே செருப்பைக் கழற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். உள்ளே குனிந்து மீட்டரைப் பார்த்தார். வெளியே வந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தக் காலத்துல இப்பிடி ஒரு ஆளா? வண்டியப் பொண்ணாட்டம் வெச்சிருக்கறீங்க."

"கடமைங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டோம். அவர் படிவங்களை எடுத்தார். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். "அம்மிணி பேர்ல இருக்குதுங்க. கையெழுத்து அவுங்கதானுங்க போடோணும்."

பேனாவைச் செங்கொடியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். திரும்பவும் மூடினாள்.

"போடறேன். ஆனா ஒண்ணு."

"இன்னா ஒண்ணு?"

"எண்ணூர் வரிக்கும் ஒரு தபா என்ன அதுல இட்டுகினு போ. பகல்ல. பக்கத்துல உக்காரவச்சி. வந்து போடறேன்."

"இப்பவா? மீட்டரு..."

"நீ கப்பல்ல ஒரு நாளிக்கி எத்தினி வண்டி ஏத்துறே? ஒண்ணுலயாவது உன் பக்கத்துல நான் உக்காந்து கீறேனா?"

கோவைக்காரர் தரையைப் பார்த்தார். "போயிட்டு வாங்கண்ணா. கொஞ்சம் தூரத்துல என்னங்க கெட்டுப்போயிரும்? நான் இங்கயே இருக்கறனுங்க."

இதற்குமேல் மறுத்தால் நான் மனுஷன் இல்லை. கேஸை மூடிவிட்டு வருகிறேன் என்று செங்கொடி உள்ளே போனாள். நான் கிடங்குக்குப் போய் வண்டியைத் தெருவில் எடுத்து நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்திருந்தேன். கேஸை மூட அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு வந்தாள். வளையலைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். பிளாஸ்டிக் உறை சரசரக்க என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பவுடர் வாசனை. அவளுடைய நீலப் புடவை. ஒரு நிமிஷம் எனக்கு மீட்டர் மறந்துபோயிற்று.

எண்ணூர் ரோட்டில் ஏறியதும் நினைவு வந்தது. வேறொன்றும் நினைவு வந்தது. பத்து வருஷமாக நான் இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. யார்டில் முதல் கியர், சாய்தளத்தில் முதல் கியர், கப்பலுக்குள் இரண்டாவது. மூன்றாவது கியர் போடுவதற்குள் ஆப்பிரிக்கா வந்துவிடும் என்று நாங்கள் சிரிப்போம். இங்கே இடது பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. வலது பக்கம் லாரிகள் வரிசையாக வருகின்றன. அதற்கும் அப்பால் கடல். நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் அலறியது. பின்னாலிருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மீன்கூடையோடு சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது பாவமாகத் திரும்பிப் பார்த்தார்.

"மூணாவது போடு," என்றாள் செங்கொடி.

"உனக்கு இன்னா தெரியும்?"

"எஞ்சினு கத்துது பாரு. கிளச்ச மிதி."

மிதித்தேன். ஏன் மிதித்தேன் என்று தெரியவில்லை. அவள் வலது கையை நீட்டிக் கியரைத் தட்டினாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் விழுந்தது. அலறல் நின்றது.

"ஓரமா நிறுத்து. எறங்கி இப்டி வா."

இறங்கி அந்தப் பக்கம் போனேன். துறைமுகத்தில் மேஸ்திரி சொன்னால்கூட நான் இவ்வளவு சீக்கிரம் இறங்க மாட்டேன்.

அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். வண்டி கிளம்பியது. இரண்டு, மூன்று, நான்கு. லாரிகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோப்பதுபோல் போனாள். பள்ளம் வருவதற்கு முன்பே பள்ளத்துக்காக ஒதுங்கினாள். கடல் எங்களோடு கூடவே ஓடியது. ஜன்னலில் வந்த காற்றில் அவளுடைய நரைத்த முடி பறந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன்.

முள் பூஜ்யத்தில் கிடந்தது. வண்டி எழுபதில் போகிறது. முள் தூங்குகிறது. கீழே 8114.

"செங்கொடி."

"உம்."

"முள்ளு ஏன் அசயல?"

"மீட்டரு கேபிள கழட்டி கீது."

"யாரு கழட்டினா?"

"அமீரு அண்ணன். மொத நாளே. உனக்கு வெல கொறஞ்சிடக் கூடாதில்ல."

"மொத நாள்னா?"

"ஏப்ரலு."

நான் சுவரில் போட்ட சாக்பீஸ் கோடுகளை நினைத்துக்கொண்டேன்.

"யாரு கத்துக்குடுத்தது?"

"அவருதான். லைசன்ஸும் எடுத்துட்டேன். எட்டு போட்டுக் காட்டினேன், அந்த ஆபீசரே கை தட்டினாரு. இவ்ளோ பெரிய வண்டிய ஒரு பொம்பள திருப்பி அவரு பாத்ததே இல்லியாம்."

"எங்கெல்லாம் போனே?"

"மாதவரம் தங்கச்சியாண்ட. காசிமேட்டுக்கு மீன் வாங்க. நண்டுக்கு எண்ணூரு. சும்மா ஒரு நாளு ரெட் ஹில்ஸ் வரிக்கும். ஏரியப் பாத்துட்டு வந்தேன்."

"பெட்ரோலு?"

"பிளவுசு."

"துடச்சது?"

"நீ சொன்ன மாரிதான். வளையலக் கழட்டிட்டு."

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

"இதெல்லாம் எதுக்கும்மே? எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல."

அவள் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி கடலைப் பார்த்தாள்.

"அடுத்த வருசம் உனக்கு வேல முடியுதில்ல. கடசி நாளு நீ கேட்டுக்கு வெளிய வரசொல்ல, நான் இத எடுத்தாந்து நிக்கணும்னு இருந்தேன். ஊரு பூரா வண்டி ஏத்தினவன் அன்னிக்கி பஸ்ஸுக்கு நிக்கக் கூடாது."

நான் கைக்குட்டையைத் தேடினேன். கடல் காற்றில் சாம்பல் தூசு அதிகம். கண்ணில் விழும்.

"திரும்பு," என்றேன். "வண்டி விக்கல."

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலியே. அவ்ளோ தூரத்துலேந்து வந்திருக்காரு. நல்ல வெலய்யா."

"விக்கலன்னா விக்கல. இந்த வூட்ல ஆம்பள நான். முடிவு என்னுது."

"உன் இஷ்டம்," என்றாள் அடக்கமாக, ரிவர்ஸ் கியரைப் போட்டபடி.

திரும்பும் வழியெல்லாம் நான் கோவைக்காரரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். மீட்டர் விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய மனுஷர், மனம் நோகாமல் சொல்ல வேண்டும். ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு. குரல் நடுங்கக் கூடாது.

வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அமீருதீன் பரிமாறிக்கொண்டிருந்தான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மன்னிக்கணும் சார். யோசிச்சுப் பாத்தேன். வண்டிய விக்கறதா இல்ல."

அவர் முள்ளை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார்.

"அது தெரியுமுங்க. கேஸ் மூட வந்தப்பவே அம்மிணி எல்லாத்தையும் சொல்லிப்போட்டாங்க. நீங்க வந்து விக்கலைன்னு சொல்லும்போது புதுசாக் கேக்கற மாதிரி இருக்கோணும்னாங்க. மீன் நல்லா இருந்துதுங்களா, மறந்துபோட்டேன்."